தரகர் மூலம் வீடு வாங்குவோர் கவனத்திற்கு

தறியிலும் நிலத்திலும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு வீடு வாங்க விரும்பும் அங்கத்தினர்கள் பெரும்பாலும் தரகரையே நாடுகின்றனர். அதில் தவறில்லை. எந்த வீடு விலைக்கு வருகிறது, உரியவர் எவ்வளவு இறங்கி வருவார் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆயினும் அவர் வீட்டைக் காட்டுபவரேயன்றி, அதன் உரிமைக்குப் பிணையாளர் அல்லர். கிரயம் முடிந்தால்தான் அவருக்குத் தரகு. ஆகவே முன்பணத்திற்கு அவசரப்படுத்துவது இயல்பே.

முன்பணம் கொடுக்கும் முன்னரே தாய்ப்பத்திரத்தின் அசலைப் பார்த்துவிட வேண்டும். நகலை மட்டும் காட்டினால், அசல் எங்கேனும் ஈடாகக் கிடக்கிறதா என விசாரிக்க வேண்டும். அடுத்து, 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பெறுக. இதையே முழுதும் நம்பிவிடுவோர் பலர். பதிவான சாசனங்களே அதில் காணும். பதியாத உயிலோ, பாகம் பிரியாத வாரிசுகளின் உரிமையோ தென்படா. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையொப்பமிட்டு, மணமாகிச் சென்ற சகோதரி விடுபட்டால், வழக்கு நம் வாசலுக்கு வரும்.

முன்பணத்தை வீட்டுக்குரியவரிடமே, வங்கி வழியாகச் செலுத்தி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்க. ஒப்பந்தத்தால் மட்டும் வீடு நமதாகாது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என்பதைப் பேரம் பேசும்போதே கணக்கில் சேர்ப்பது நலம். தரகுத் தொகையை முதலிலேயே பேசி முடித்து, பதிவன்று கொடுக்கலாம். பின்னர் பட்டாவையும் வீட்டு வரியையும் நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.