விடை சரியா, தவறா என்பது மட்டும் போதுமா?

புது தில்லி: ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் மீதி எவ்வளவு? மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் 35 என்று எழுதுகிறான் எனக் கொள்வோம். தவறு என்று சிவப்பு மையால் குறியிட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த நோட்டை எடுத்தால், கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. "இதை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டால், "இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன்" என்று அவன் சொல்லக்கூடும்.

இது கவனக்குறைவு அல்ல. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று தான் கற்ற விதியை, பொருந்தாத இடத்தில் அவன் பயன்படுத்தியிருக்கிறான். "35 உடன் 27-ஐக் கூட்டிப் பார்" என்றால் 62 வரும். தவறை அவனே கண்டுகொள்வான். ஆனால், அந்த ஒரு கேள்வியைக் கேட்க நமது வகுப்பறைகளில் நேரம் ஒதுக்கப்படுகிறதா என்பதே பிரச்னை.

சந்தையில் தேர்ச்சி, தாளில் தோல்வி

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் தில்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர், சிறுமியரிடம் நடத்திய ஆய்வு, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம் என்று வாங்கி 200 ரூபாய் நோட்டை நீட்டினால், 163 ரூபாயைத் திருப்பித் தரத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அதே அளவு கடினமான, ஏன் அதைவிட எளிதான கணக்கைக்கூட, பள்ளிப் பாணியில் தாளில் எழுதிக் கொடுத்தபோது அவர்களால் போட முடியவில்லை.

அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், வியாபார அனுபவம் இல்லாத 471 மாணவர்களின் நிலை இதற்கு நேர் எதிராக இருந்தது. தாளில் உள்ள எளிய கணக்குகளை அவர்கள் போட்டனர். ஆனால், வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் சரியாக விடையளித்த ஒரு சந்தைக் கணக்குக்கு, அவர்களில் ஒரு சதவீதத்தினரே சரியான விடை தந்தனர்.

"ஒரு கிலோ 20 ரூபாய் என்றால் 200 கிராம் 4 ரூபாய், அதைக் கழித்தால் 16" என்று வாயால் சொல்லத் தெரிந்த ஒரு சிறுமியை, தாளில் உள்ள வெற்றிடத்தை மட்டும் வைத்துக் "கணக்கு வராதவள்" என்று பள்ளி முடிவு செய்துவிட இடமுண்டு. அவள் சொல்வதைக் கேட்டு, அதையே கரும்பலகையில் எண்களாக எழுதிக் காட்டினால் இரண்டு கணிதங்களுக்கும் இடையே பாலம் கிடைக்கும்.

கொள்கையில் குறை இல்லை

குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்று 2005-ஆம் ஆண்டின் தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு அறிவித்தது. அதற்காக என்.சி.இ.ஆர்.டி. அமைத்த கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ராமானுஜம். பெரும்பாலான குழந்தைகளிடம் உள்ள அச்சமும் தோல்வி உணர்வும், கணிதத்தை இயந்திரத்தனமான வேலையாகக் காட்டும் மதிப்பீட்டு முறை, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் ஆதரவும் இல்லாமை ஆகியவற்றை அக்குழு சுட்டிக்காட்டியது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. குழந்தையை அச்சத்திலிருந்து விடுவித்து, கருத்தைத் தடையின்றி வெளிப்படுத்த உதவ வேண்டும் என்று அதன் 29-ஆவது பிரிவு கூறுகிறது. இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. காரணத்தை விளக்கக் குழந்தைக்கு மொழி வேண்டும். இருபத்தொன்பது என்ற தமிழ்ச் சொல்லில் இருபதும் ஒன்பதும் காதில் விழுகின்றன. ஹிந்தியில் அதே எண் 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். போஜ்புரியோ மைதிலியோ பேசும் வீட்டிலிருந்து தில்லிக்கு வந்து ஆங்கிலவழி வகுப்பில் அமரும் குழந்தை, விடை தெரிந்தும் வழியைச் சொல்லத் தெரியாமல் மௌனமாக இருக்கலாம்.

தேர்வும் தேக்கமும்

ஊரகக் குழந்தைகளிடம் நடத்தப்படும் 'ஏசர்' ஆய்வின்படி, 2024-ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பினரில் 30.7 சதவீதத்தினரே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள். எஞ்சியோர் எந்தப் படியில் தடுமாறினர் என்பதை ஒவ்வொருவரையும் கேட்டால்தான் அறிய முடியும்.

இந்நிலையில், 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதோரை இரண்டு மாதங்களில் மறுதேர்வு நடத்தி, அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவைக்க வகை செய்து 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. தமிழக அரசு அப்போதே இதனை ஏற்க மறுத்தது. கற்றலில் உள்ள இடைவெளியைக் கண்டறிந்து ஆசிரியர் உதவ வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. விடைத்தாளில் உள்ள 35 என்ற எண், அந்த இடைவெளி எங்கே என்பதைச் சொல்லாது.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. விடை தவறும்போது மட்டுமன்றி, சரியாக இருக்கும்போதும் வழியைக் கேட்க வேண்டும். இல்லையேல் கேள்வியே தண்டனையாகத் தோன்றும். கேட்டபின் சற்றுக் காத்திருக்க வேண்டும். சொல்ல வராதபோது படமாக வரையவோ, புளியங்கொட்டைகளை அடுக்கிக் காட்டவோ விட வேண்டும். 48-ஐயும் 27-ஐயும் கூட்ட, ஒருவர் நாற்பதையும் இருபதையும் முதலில் சேர்ப்பார். இன்னொருவர் 27-லிருந்து இரண்டை எடுத்து 48-க்குத் தந்து, ஐம்பதும் இருபத்தைந்தும் 75 என்பார். இரண்டையும் பலகையில் எழுதி ஒப்பிடச் செய்யலாம்.

வீட்டில் பெற்றோரும் இதைச் செய்யலாம். கணிதப் புலமை வேண்டியதில்லை; "எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்கும் பொறுமை போதும்.

ஆனால், பொறுப்பைத் தனி மனிதர்களின் பொறுமையிடம் ஒப்படைத்துவிட்டு அரசுகள் விலகிக்கொள்ள முடியாது. 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற சட்ட விகிதம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நடைமுறைக்கு வர வேண்டும். வழிமுறைக்கும் மதிப்பெண் தரும் வினாத்தாள்களும், குழந்தையின் விளக்கத்தைக் கேட்கப் பழக்கும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். அதுவரை, குழந்தை கருத்தைச் சொல்லும் உரிமை சட்டப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும்.