மாம்பழத்துக்குப் பதில் மஞ்சள்

ஓவிய வகுப்புன்னா நம்ம பள்ளிகள் பலவற்றில் கரும்பலகை மாம்பழத்தைப் பார்த்து வரையறதுதான். சரியா வராத பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: ‘எனக்கு வரைய வராது.’ பொருளிலிருந்து தொடங்கலாம் என்பேன் நான்.

மஞ்சள் கரைசலைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். சுண்ணாம்புத் தெளிநீரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் கோடு இழுத்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டின் அதே சிவப்பு. எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பும். கண்ணில் படக்கூடாது, சுண்ணாம்பை ஆசிரியரே கரைச்சுத் தரணும்.

‘என்ன வரையணும் சார்?’ என்ற பிள்ளை இப்போ, ‘புளித்தண்ணி விட்டா என்ன ஆகும்?’ என்று கேட்கும். மதிப்பெண் போட்டே ஆகணும்னா, அந்தக் கேள்விக்குப் போடுங்க.