கடன் கொப்பியும் பிள்ளை வளர்ப்பும்



தன் பிள்ளை இரக்க குணத்தோடு வளர வேண்டும் என்று விரும்பாத உம்மா யாரும் இல்லை. மத்ரஸாவுக்கு அனுப்புகிறோம். சின்னச் சின்ன ஹதீஸ்களை மனனம் செய்ய வைக்கிறோம். வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கச் சொல்லி, சில்லறையைப் பிள்ளையின் கையில் வைக்கிறோம். எல்லாம் நல்லவைதான். ஆனால் பிள்ளை இரக்கத்தைப் படிப்பதும் மறப்பதும் பெரும்பாலும் வேறோர் இடத்தில். நமக்குக் கடன்பட்டவரிடம், நம் வீட்டில் வேலை செய்பவரிடம் நாம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதை அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பகுதிகளைப் பாருங்கள். யட்டியாந்தோட்டை, இறக்குவானை போன்ற சிறு நகரங்களில் நம்மவரின் கடைகள் உண்டு. சுற்றியுள்ள லயங்களில் இருப்பவர்கள் அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் என்று கொப்பியில் எழுதி வாங்கிப் போவார்கள். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். இதில் மழை ஒரு பெரிய வில்லங்கம். இறப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் சேர்வது பாலா தண்ணீரா என்று தெரியாது. வெட்டு இல்லாத நாளில் 'பேர்' இல்லை. தேயிலையிலும் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சப்ரகமுவையில் எத்தனை நாள் வானம் வெளுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதம் கொப்பியில் கணக்கு ஏறும், சம்பளம் இறங்கும்.

அப்படியொரு நாளில் ஒரு தாய் தன் மகளையும் கூட்டிக்கொண்டு, நனைந்த சாக்கைத் தலையில் போட்டபடி இரண்டு கிலோ அரிசிக்கு வந்து நிற்கிறார் என்று வையுங்கள். கடையில் நாலு பேர் இருக்கிறார்கள். "முந்தின பாக்கி எங்கே?" என்று கல்லாவிலிருந்து சத்தம் வருகிறது. அந்தச் சிறுமி தலையைக் குனிகிறாள். உள்வாசலில் நின்று உங்கள் பிள்ளை இதைப் பார்க்கிறது. அன்று மாலை ஓதும் பாடத்தில் இரக்கத்தைப் பற்றி என்ன வந்தாலும், அது படித்த பாடம் காலையில் முடிந்துவிட்டது.

கடனையெல்லாம் தள்ளுபடி செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. மொத்த வியாபாரிக்கு நாமும் பணம் கட்ட வேண்டும். ஆனால் கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி சூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் கூறுகிறது. விட்டுக்கொடுப்பது அதைவிட மேல் என்றும் சொல்கிறது. பாக்கியைக் கேட்கத்தான் வேண்டுமென்றால் ஆள் இல்லாத நேரத்தில், அவருடைய பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது கேட்கலாமே! இதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

அடுத்து நம் குசினி. தோட்டத்துச் சிறுமிகளை வீட்டு வேலைக்குக் கூட்டிவரும் வழக்கம் இந்த நாட்டில் எல்லாச் சமூகத்தாரிடமும் இருந்தது. அதனால் அது நமக்கு நியாயமாகிவிடாது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 16 ஆக உயர்த்திவிட்டது. சட்டம் ஒரு புறமிருக்க, அனஸ் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். சுமார் பத்து வயதில் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து பத்து வருடம் பணிவிடை செய்தவர். அத்தனை காலத்தில் ஒருமுறைகூடத் தன்னைச் 'சீ' என்று அவர்கள் சொன்னதில்லை என்று அவரே அறிவித்திருக்கிறார். நம் வீட்டில் ஒரு பீங்கான் உடைந்தால் என்ன நடக்கிறது?

இன்று வேலைக்கு வருபவர் வயது வந்த பெண்ணாகவே இருக்கட்டும். அவருக்கென்று தனிக் கோப்பை, தனிப் பீங்கான், பின்கதவு. அவரைவிட முப்பது வயது இளைய நம் பிள்ளை அவரைப் பெயர் சொல்லி அதட்டுகிறது, நாம் சிரிக்கிறோம். 'அக்கா' என்று கூப்பிடப் பழக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பெரிய ஆபத்து வரும்போது நாம் யாரும் குறைந்தவர்களல்லர். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் விழுந்து உயிர்கள் போயின. அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியபோது நோன்பு வாசலுக்கு வந்திருந்தது. இத்தகைய நேரங்களில் அரிசி, உடுப்பு, சமைத்த சோறு என்று அள்ளிக் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். அப்போதும் உடுப்பு மூட்டை கட்டுகையில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் அறுந்ததையும் சாயம் போனதையும் தேடிப் போடுகிறோமா, நாளைக்கு உடுக்கக்கூடியதைப் போடுகிறோமா என்று அது கவனிக்கும். நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும்படியான பொருளைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்பதும் பகரா சூராவில் வருகிற எச்சரிக்கைதான்.

ஆபத்து இல்லாத நாளில் அண்டை வீட்டை மறந்துவிடுகிறோம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அயல்வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். நம் அயலில் இருப்பவர் தமிழரோ சிங்களவரோ, அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்து இந்துக்கள் பலர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்கள். ஆகவே குர்பான் இறைச்சியையோ இறைச்சி போட்ட நோன்புக் கஞ்சியையோ நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. தேங்காய்ப்பால் விட்ட வெறுங்கஞ்சியை ஒரு சிறு சட்டியில் தனியாக எடுத்து வையுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். வெள்ளிக்கிழமை விரதமா என்று கேட்டுவரவும் அதற்கே சொல்லுங்கள்.

சட்டி சிலவேளை வெறுமனே திரும்பி வராது. ஒரு பிடி முருங்கைக்கீரையோ நாலு பலாக்கொட்டையோ அதில் இருக்கும். அயலாள் தருவது ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் அற்பமாக எண்ணாதீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களை விளித்தே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கீரையை அன்றைக்கே சுண்டி, யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் பரிமாறுங்கள்.