நழுவிய கியர்... நொறுங்கிய எஞ்சின்!

அரசுப் பேருந்தில் டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் பெட்டியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? அங்கே இடம் கிடைத்தால் ஜன்னலுக்கு வெளியே யார் பார்ப்பார்கள்? கண் தானாக கியர் ராடு பக்கம்தான் போகும். தரையில் நட்ட கரும்பு மாதிரி அது நீளமாக நிற்கும். வண்டி நின்றிருக்கும்போதே தலையாட்டிக்கொண்டிருக்கும். டிரைவர் ஒரு தள்ளு தள்ளுவார். 'கர்ர்ர்...' என்று சத்தம். கியர் விழவில்லை! மறுபடி கிளட்சை மிதித்து மறுபடி ஒரு தள்ளு. இப்போது விழுந்துவிடும்.

பேருந்தில் இப்படி ஒரு தடவை கியர் தவறினால் இரண்டு விநாடி தாமதம், அவ்வளவுதான். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிப் பறக்கும் ரேஸ் காரில் அதே தவறு நடந்தால்?

1970-ம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இது. பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேர கார் பந்தயம். ஒரே காரை டிரைவர்கள் மாறி மாறி, இரவு பகலாக ஓட்டுவார்கள். அந்த ஆண்டு முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு போர்ஷே 917 கார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோ சிஃபெர்ட்டும் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ரெட்மனும் அதன் டிரைவர்கள். நள்ளிரவு தாண்டியிருந்தது. சிஃபெர்ட் மெதுவாகப் போன கார்களை முந்திக்கொண்டு போனபோது கியர் தவறியது. எஞ்சின் அலறியது, உடைந்தது. முதலிடத்தில் இருந்த கார் அந்த இடத்தோடு பந்தயத்தை விட்டு வெளியேறியது!

கடைசியில் ஜெயித்ததும் ஒரு 917 கார்தான். ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் ஓட்டிய இன்னொரு கார். லெ மான் பந்தயத்தில் போர்ஷே கம்பெனிக்குக் கிடைத்த முதல் ஒட்டுமொத்த வெற்றி அது. சிஃபெர்ட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எஞ்சின் ஏன் உடைகிறது?

கியர் தவறுவதில் இரண்டு வகை உண்டு. கியர் எதிலும் விழாமல் நடுவில் நின்றுவிடுவது முதல் வகை. எஞ்சினுக்கு இழுக்க எந்தச் சுமையும் இல்லை. டிரைவரின் கால் மட்டும் ஆக்சிலேட்டரில் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும். இந்தக் காலத்து எஞ்சின்களில் இதைத் தடுக்க மின்னணுக் கருவி இருக்கிறது. சுற்று எல்லை மீறினால் அது பெட்ரோலையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும்.

இரண்டாவது வகைதான் பொல்லாதது. தவறான கியரில் விழுந்துவிடுவது!

பேப்பர், பென்சில் எடுங்கள். ஒரு காரில் கியர் பெட்டியின் வெளித்தண்டு ஒரு முறை சுற்ற, எஞ்சின் 2-ம் கியரில் 2 முறையும், 3-ம் கியரில் 1.4 முறையும், 4-ம் கியரில் 1.1 முறையும் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கார் இப்போது 3-ம் கியரில் ஓடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று. அதுதான் அதன் எல்லை. 4-ம் கியருக்கு மாறினால் சுற்று 5,500 ஆகக் குறையும். எஞ்சினுக்கு நிம்மதி. கை தவறி 2-ம் கியரில் விழுந்தால்? 7,000-ஐ 1.4 ஆல் வகுத்து 2 ஆல் பெருக்குங்கள். 10,000!

இங்கே எஞ்சின் சக்கரத்தைச் சுற்றவில்லை. வேகமாக உருளும் சக்கரம் எஞ்சினைப் பிடித்துச் சுற்றுகிறது. அதனால், பெட்ரோலை நிறுத்தும் அந்தக் கருவி இருந்தும் பயனில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் வால்வுகளை ஸ்பிரிங்குகள்தான் மூடுகின்றன. இந்த வேகத்துக்கு அவற்றால் ஈடு கொடுக்க முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து அதை முட்டும். வால்வு வளையும், பிஸ்டன் ஓட்டையாகும். மேல்நாட்டு டிரைவர்கள் இதற்கு 'மணி ஷிப்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோயில் மணி இல்லை, பணம்! ஒரு தள்ளில் பை காலி.

கையா, கம்பியா?

கியர் தவறினால் எல்லாரும் முதலில் டிரைவரின் கையைத்தான் குறை சொல்வார்கள். கைக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

போர்ஷே 917-ல் கியர் ராடு டிரைவரின் வலது கைப் பக்கம் இருந்தது. எடையைக் குறைக்க, அதன் குமிழைக்கூட பால்சா என்ற லேசான மரத்தில் செய்திருந்தார்கள்! எஞ்சின் டிரைவரின் முதுகுக்குப் பின்னால். கியர் பெட்டி அதற்கும் பின்னால். ஆக, கை செய்யும் அசைவு நீண்ட கம்பிகள், இணைப்புகள் வழியாக எஞ்சினைத் தாண்டிப் போக வேண்டும். இந்தக் கம்பிக் கூட்டத்துக்குத்தான் 'லிங்கேஜ்' என்று பெயர்.

தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது கைப்பிடியை அழுத்தியதும் தண்ணீர் கொட்டும். நடுவில் இருக்கும் ஆணி தேய்ந்துவிட்டால்? கைப்பிடி கொஞ்ச தூரம் சும்மா போய்வரும். அதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் பேர் 'ஆட்டம்'. லிங்கேஜில் இப்படி 4 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் மொத்தம் 2 மில்லிமீட்டர். கியர் ராடின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட 3 மடங்கு நீளம் என்றால், டிரைவரின் கையில் அது 6 மில்லிமீட்டராகத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கியர் வரிசைகளில் எது எது என்று கைக்குக் குழப்பம் வர இது தாராளமாகப் போதும்!

சாதாரணக் கார்களில் இணைப்புகளுக்குள் ரப்பர் புஷ் வைப்பார்கள். எஞ்சினின் அதிர்வு கையில் ஏறாமல் இருக்க அது உதவும். ஆனால் ரப்பர் அமுங்கும். நாளாக நாளாகத் தேயும். ரேஸ் காரில் சொகுசு யாருக்கு வேண்டும்? ரப்பரைக் கழற்றிவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் புஷ்ஷோ, உருண்டையான இரும்பு பால் ஜாயின்டோ வைக்கிறார்கள். இணைப்புகளின் எண்ணிக்கையையும் முடிந்தவரை குறைக்கிறார்கள். இணைப்பே இல்லாத இடத்தில் ஆட்டம் எப்படி வரும்?

அடுத்தது கம்பி. மெல்லிய கம்பி லேசாக முறுகும். கை திருப்பிய அளவு முழுசாக மறுமுனைக்குப் போய்ச் சேராது. அதற்காகத் தடித்த கம்பி போட்டால் எடை கூடும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அதே எடை உலோகத்தில், இரண்டு மடங்கு அகலமுள்ள மெல்லிய குழாய் செய்தால் போதும். பழைய குழாயைப்போல அது நான்கு மடங்கு முறுக்கலைத் தாங்கும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் உறுதியாக நிற்கிறதே, அந்த மாதிரி!

எஞ்சினையும் சும்மா விடக்கூடாது. அது ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம் சாயும், விட்டால் திரும்பும். அதோடு சேர்ந்து கியர் பெட்டியும் அசையும். கியர் ராடோ காரின் உடலில் பொருத்தப்பட்டது, அது அசையாது. அப்புறம் நடுவில் இருக்கும் கம்பி என்ன செய்யும்? தானாகத் தள்ளப்படும், இழுக்கப்படும். அதனால் ரேஸ் கார்களில் எஞ்சினை அசையாதபடி இறுக்கமாகப் பொருத்துவார்கள்.

கியர் ராடைச் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் அது தானாக நடு வரிசைக்கு வந்து நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் வேலை அது. 2-ம் கியரிலிருந்து நேராகத் தள்ளினாலே ஸ்பிரிங் சரியாக 3-ம் கியரின் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். டிரைவர் ராடை இறுக்கிப் பிடித்தால்தான் வம்பு. ஸ்பிரிங்கோடு கை மல்லுக்கு நிற்கும்! அதனால்தான் பந்தயப் பயிற்சியில், குமிழை முஷ்டியால் பிடிக்காதே, உள்ளங்கையால் தள்ளு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சிலர் கியர் ராடைக் குட்டையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கை போக வேண்டிய தூரம் குறையும், உண்மைதான். ஆனால் தள்ள அதிக பலம் வேண்டுமே! ஆறாம் வகுப்பில் படித்த நெம்புகோல் இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். என்னைக் கேட்டால், தேய்ந்துபோன புஷ்ஷை மாற்றாமல் ராடை வெட்டுவது, ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு கட்டுவது போலத்தான்.

ராடே வேண்டாம்!

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் பர்னார்ட் வேறு மாதிரி யோசித்தார். ஃபெராரி கம்பெனிக்கு ஃபார்முலா 1 கார் வடிவமைத்தவர் அவர். கம்பியை எத்தனை தடவை திருத்துவது? அதைத் தூக்கியே எறிந்துவிட்டால்? காரின் உள்ளே ராடுக்கும் கம்பிக்கும் இடம் விட வேண்டாம். காரை ஒல்லியாகச் செய்யலாம். டிரைவரும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்னத் தகடுகள் வைத்தார். வலது தகட்டை இழுத்தால் அடுத்த கியர், இடது தகட்டை இழுத்தால் முந்தைய கியர். செய்தி மின்கம்பி வழியாகப் போகும். எண்ணெய் அழுத்தம் கியரை மாற்றும். அப்பாவின் பைக்கில் 1, 2, 3 என்று வரிசையாகத்தானே கியர் போட முடியும்? அதே போலத்தான் இதுவும். வழி தவறி வேறு வரிசைக்குப் போகவே முடியாது.

ஆனால் சோதனை ஓட்டங்களில் கார் அடிக்கடி நின்றுபோனது. 1989-ம் ஆண்டு மார்ச் 26 அன்று பிரேசிலில் முதல் பந்தயம். கார் எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நினைத்த டிரைவர் நைஜல் மான்செல், ஊருக்குச் சீக்கிரமாகக் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாராம். கார் நிற்கவே இல்லை. மான்செல் ஜெயித்தார், விமானம் போய்விட்டது! பிறகு அந்த ஆண்டு பல பந்தயங்களில் கார் பாதியில் நின்றது வேறு கதை.

மெக்லாரன் குழுவோ பழைய ராடை விடவில்லை. 1991-ம் ஆண்டு மார்ச் 24, மறுபடி பிரேசில். அயர்டன் சென்னாவுக்குச் சொந்த ஊர் சாவோ பாவ்லோவில் பந்தயம். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் முயன்றும் சொந்த நாட்டில் அவர் ஜெயித்ததில்லை. அன்று முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது கியர் பெட்டி மக்கர் செய்தது. ஒவ்வொரு கியராகக் கைவிட்டுப் போனது. கடைசிச் சுற்றுகளில் மிச்சம் இருந்தது 6-ம் கியர் மட்டும்தான்! மெதுவான வளைவுகளில்கூட அதே கியர். மழைத்தூறல் வேறு. இன்னொரு பக்கம், தகடு வைத்த வில்லியம்ஸ் காரில் துரத்தி வந்த மான்செலும் கியர் கோளாறில் சிக்கி வெளியேறினார். பழசு, புதுசு இரண்டும் ஒரே நாளில் காலை வாரின!

மூன்று விநாடிகூட இடைவெளி இல்லாமல் சென்னா ஜெயித்தார். காரிலிருந்து அவரால் தானாக எழுந்திருக்க முடியவில்லை; தோள்கள் பிடித்துக்கொண்டன. மேடையில் கோப்பையைத் தூக்கவே திணறினார். ராடும் கம்பியும் உள்ள கார், ஃபார்முலா 1 சாம்பியன் பட்டம் வென்ற கடைசி ஆண்டு அது.

அடுத்த ஆண்டு அதே பிரேசில் பந்தயத்துக்கு, ஸ்டீயரிங்கில் தகடு வைத்த புதுக் காரோடு மெக்லாரன் வந்தது. வேறு கோளாறுகளால் அதன் இரண்டு கார்களும் பாதியிலேயே நின்றுவிட்டன!