வலம் வரும் கால்களுக்கு வலிமை

சென்னையின் மேற்கே, திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பாடியின் பழம்பெயர் திருவலிதாயம். பரத்வாஜ முனிவர் வலியன் என்னும் குருவியின் வடிவில் ஈசனைப் பூசித்ததால் இப்பெயர் வந்தது என்பது தலவரலாறு. திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்ற இத்தலத்தில் திருவல்லீஸ்வரரும் ஜகதாம்பிகையும் அருள்பாலிக்கின்றனர். கருவறை விமானம் யானையின் பின்புறத்தை ஒத்த கஜபிருஷ்ட அமைப்பில் உள்ளது. குரு பகவான் வழிபட்டுப் பேறு பெற்ற தலம் என்பதால் வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சி நாள்களிலும் பக்தர் கூட்டம் பெருகும்.

இங்கு மட்டுமன்று, எந்தத் திருக்கோயிலுக்குச் சென்றாலும் ஒரு காட்சி கண்ணில் படும். சந்நிதியில் கண்ணீர் மல்க நிற்கும் பெரியவர், பிராகாரத்தை வலம் வரத் தொடங்கியதும் பாதியில் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நமஸ்கரிக்கக் குனியும் அம்மையார், எழுந்திருக்க இன்னொருவர் கையை எதிர்பார்ப்பார். ‘மூன்று சுற்று சுற்றுவேன், இப்போது முழங்கால் விடவில்லை’ என்ற சொல் பல இல்லங்களில் அன்றாடம் ஒலிக்கிறது. வயது ஒரு காரணந்தான். ஆனால் வயதின் மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்த எடைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. வயதைக் குறைக்க எவராலும் இயலாது. எடையை முயன்றால் குறைக்கலாம்.

ஒரு கிலோவும் நான்கு கிலோவும்

முழங்கால் தேய்மானம் உள்ள பருமனான முதியோரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று பலருக்கும் ஆறுதல் தரக்கூடியது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அது கண்டறிந்தது. மூன்று கிலோ குறைந்தவருக்கு ஓர் அடிக்குப் பன்னிரண்டு கிலோ சுமை குறைவு. பிராகாரத்தை ஒருமுறை வலம் வர எத்தனை அடிகள் எடுத்து வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்த மூன்று கிலோவின் அருமை விளங்கும்.

எவ்வளவு எடை மிகுதி என்று எப்படி அறிவது? இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு எளிதில் சேர்வதால், மேலைநாட்டு அளவுகள் நமக்குப் பொருந்தா. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்து வரும் எண் 23-க்கு மேற்பட்டால் மிகை எடை, 25-க்கு மேற்பட்டால் உடல் பருமன் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்த அளவு. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு இது முறையே 55 கிலோ, 60 கிலோ என்று வரும். முதியோருக்கு இந்த எண்ணில் சற்றே தளர்வு கொடுக்கலாம் என்பதால், அதைவிட எளிய அளவுகோல் இடுப்புச் சுற்றளவே. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் அது இருத்தல் நலம். இதற்குத் தையல்காரரின் அளவு நாடா ஒன்றே போதும்.

வீட்டுக் கணக்கில் தெரியும் உண்மை

உடலின் கணக்கும் வரவு செலவுக் கணக்குப் போன்றதே. உண்பது வரவு. உழைப்பது செலவு. செலவுக்கு மேற்பட்ட வரவு, கொழுப்பாக இருப்பில் சேர்கிறது. வங்கி இருப்பு உயர்ந்தால் மகிழ்ச்சி. இந்த இருப்பு உயர்ந்தால் துன்பம்.

காலை இரண்டு, மாலை ஒன்று என நாளுக்கு மூன்று காப்பி அருந்துபவர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்ப்பதாகக் கொள்வோம். தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் வீதம் நாளுக்கு 30 கிராம். மாதத்துக்கு 900 கிராம். ஆண்டுக்கு ஏறக்குறைய 11 கிலோ சர்க்கரை, காப்பியின் வழியாக மட்டுமே உடலுக்குள் செல்கிறது. இரண்டு தேக்கரண்டியை ஒன்றாக்கி, ஒரு மாதம் கழித்து அரையாக்கினால் நாக்கு பழகிவிடும்.

எண்ணெயின் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. முதியவர் ஒருவர் அரை மணி நேரம் நடந்து செலவழிப்பதும் ஏறக்குறைய அதே அளவே. காலையில் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் இரண்டு வடை உண்டால், கணக்கில் மிச்சம் ஏதும் இராது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி உணவில் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து நாளுக்கு 27 கிராம் என்கிறது. ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்குள் அடங்க வேண்டும் என்று இதற்குப் பொருள். கணவன் மனைவி இருவரே உள்ள வீட்டில் மாதம் எத்தனை எண்ணெய்ப் பொட்டலம் தீர்கிறது என்று மளிகைக் கடைச் சீட்டைப் பார்த்தால் போதும், நிலைமை தெரிந்துவிடும்.

அதே வழிகாட்டி, நாளுக்கு 400 கிராம் காய்கறி, 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 300 மில்லிலிட்டர் பால் அல்லது தயிர், 100 கிராம் பழம் என்று வகுக்கிறது. நம் இலையில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாய் அளவிலும் வைக்கப்படுகின்றன. சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. முதலில் கீரையும் கூட்டும் பொரியலும் இலையின் பாதியை நிரப்பட்டும். அடுத்த கால் பாகம் சோறு. மீதிக் கால் பாகம் கெட்டியான பருப்பு, சுண்டல், தயிர். இரவு உணவை ஏழரை மணிக்குள் முடித்துக்கொள்வதும், இரண்டாம் முறை சோறு வாங்குமுன் சில நிமிடம் பொறுத்திருப்பதும் நல்ல பழக்கங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரம் பிடிக்கும்.

இது புதிய செய்தியுமன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் திருவள்ளுவர் மருந்தின் பெயர் எதையும் கூறவில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், ஒத்துக்கொள்ளும் உணவை அளவோடு உண்பதையே மருந்தாகக் காட்டுகிறார். பகவத் கீதையின் ஆறாவது அத்தியாயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது, அறவே உண்ணாதவனுக்கும் கைகூடாது என்று கண்ணபிரான் உரைக்கிறார்.

விரதமும் பிரசாதமும்

ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம், கார்த்திகை என்று விரத நாள்களுக்கு நமக்குக் குறைவில்லை. ஆயினும் விரதம் பலருக்கு எடையைக் குறைக்காமல் கூட்டுவதற்குக் காரணம் ‘பலகாரம்’. சோறு தவிர்த்த வயிற்றுக்கு நெய் மணக்கும் அடை, ஜவ்வரிசி உப்புமா, வடை, கேசரி என்று வரிசை நீளும்போது, விரத நாளின் வரவு மற்ற நாள்களின் வரவை மிஞ்சிவிடுகிறது. பழம், பால், மோர், ஆவியில் வெந்த இட்லி, வேகவைத்த பயறு என்று எளிமையாக முடித்தால் விரதம் உடலுக்கும் நன்மை செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் உண்ணாமல் இருந்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரைக் கேளாமல் முழு உபவாசம் இருத்தல் கூடாது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்பதே நம் மரபு. நாமஜபம் செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை.

பிரசாதத்தை மறுப்பது பலருக்கு மனம் ஒப்பாத செயல். மறுக்க வேண்டியதும் இல்லை. நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலை ஒரு தொன்னை நிறைய உண்டாலும், விரல் நுனியளவு கண்ணில் ஒற்றி உண்டாலும் அருள் ஒன்றே. மீதியை வீட்டில் உள்ளவரோடும் அண்டை அயலாரோடும் பகிர்ந்தால் புண்ணியமும் சேரும். குரு பகவானுக்கு உகந்த கொண்டைக்கடலைச் சுண்டல் இதற்கு விதிவிலக்கு. நூறு கிராம் கடலையில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு, நார்ச்சத்தும் மிகுதி. தேங்காயைக் குறைத்துத் தாளித்தால், மாலைச் சிற்றுண்டிக்கு இதனினும் சிறந்தது வேறில்லை.

நடையே வழிபாடு

65 வயதுக்கு மேற்பட்டோரும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதோடு வாரத்தில் மூன்று நாளேனும் தசை வலுவுக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் கணக்கு நிறைந்துவிடும். ஒரே மூச்சில் இயலாதவர், பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட இயலாதபடி சற்றே மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்லும் வாகனங்கள் விரையும் சாலையில் முதியோர் நடப்பது பாதுகாப்பன்று. கோயில் பிராகாரம், பூங்கா, வீட்டு மொட்டைமாடி இவையே உகந்தவை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் உச்சி வெயிலில் சுடும் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடத்தல் ஆகாது. காலை வேளையில் வலம் வந்து, வீடு திரும்பியதும் பாதங்களில் புண்ணோ கொப்புளமோ உண்டா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

விநாயகர் முன் போடும் தோப்புக்கரணம் தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. முழுதும் உட்கார இயலாதவர், கம்பியைப் பற்றிக்கொண்டு பாதி வரை தாழ்ந்து எழலாம். அதுவும் கடினமெனில், கையை ஊன்றாமல் நாற்காலியில் அமர்ந்து எழுவதைப் பத்து முறை செய்யலாம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைவது முதுமையில் பெரும் ஆபத்து. தசை குறைந்தால் தடுக்கி விழுதலும் எலும்பு முறிவும் தொடரும். ஆகவேதான் பட்டினி கிடந்து விரைவில் இளைப்பது தவறு. மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் குறையாமல், பருப்பும் பாலும் குறைவின்றி உண்டு, மெல்ல இளைப்பதே முறை. எந்த முயற்சியும் இன்றி எடை தானாகக் குறைந்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். நெஞ்சு வலி, படபடப்பு, கடும் மூட்டு வலி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

முள் அசையாவிட்டாலும்

பலர் ஒரு மாதம் முயன்று, எடை பார்க்கும் கருவியின் முள் அசையவில்லை என்று மனம் தளர்கின்றனர். அவர்களுக்கு நம் சென்னையிலிருந்தே ஒரு நற்செய்தி உண்டு. மருத்துவர் அ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் வரை கண்காணித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நாளும் அரை மணி நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டிய பிரிவினரில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இதில் வியப்பு என்னவெனில், பின்னவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. இருந்தும் பலன் கிட்டியது. முள் அசையாத நாள்களிலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எனவே எடையை வாரம் ஒருமுறை மட்டும், ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்தால் போதும். அதோடு இன்னொரு கணக்கையும் அந்த நாட்குறிப்பில் எழுதி வரலாம். இந்த வாரம் நிற்காமல் எத்தனை சுற்று வலம் வர முடிந்தது, நமஸ்கரித்தபின் பிறர் கை தேடாமல் எழ முடிந்ததா என்பதே அக்கணக்கு. ஒரு சுற்று இரண்டாகி, இரண்டு மூன்றாகும்போது, வல்லீஸ்வரரைப் பிறர் துணையின்றித் தாமே நடந்து சென்று தரிசிக்கும் பேறு மேலும் பல ஆண்டுகள் நீடிக்கும். அதற்கு முதற்படியாக, நாளைக் காலைக் காப்பியில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைக் குறைக்கலாம்.