டர்போ பொருத்திய எஞ்சின் ஏன் உடைகிறது?

1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறன் தரும். அதற்கு வீட்டிலேயே டர்போ பொருத்துபவர்கள் உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், திறன் உயரும்.

ஆபத்தும் அங்கேதான். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. எஞ்சினோ அதை மேலும் 9.4-க்கு 1 என்ற விகிதத்தில் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருமுன், ஓரத்தில் எஞ்சிய கலவை தானாகவே வெடித்துவிடும். இதுவே நாக்கிங். சுத்தியலால் இரும்பைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். கடுமையானால் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பே நொறுங்கும்.

இதைத் தடுக்க, இன்டர்கூலர் காற்றைக் குளிர்விக்கும். பெரிய இன்ஜெக்டர்கள் கலவையைச் செறிவாக்கும்: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது, முழு அழுத்தத்தில் சுமார் 12 ஆகக் குறையும். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் கீழ்நோக்கியே சரிய வேண்டும். இடையில் எண்ணெய் தேங்கினால் சீல் வழியே கசிந்து நீலப்புகை வரும். இவற்றைப் பொருத்தக் கைத்திறனுள்ள நண்பர் போதும்.

தேர்ந்த மெக்கானிக் தேவைப்படுவது தொடங்குமுன், சிலிண்டர்களின் கம்ப்ரஷன் சோதனைக்கு. முடிந்தபின் ட்யூனர் கட்டாயம். அவர் காரைத் திறன் அளக்கும் டைனோவில் ஏற்றி, சுமையைப் படிப்படியாகக் கூட்டி, தீப்பொறி விழும் நேரத்தைச் சில டிகிரி தாமதப்படுத்தி, நாக்கிங் எழாத எல்லையை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு-வில் பதிக்கிறார்.