கூடத்தின் தூரமும் திரையின் புள்ளியும்

ஒரு குடும்பம் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் புறப்படும்போது, அந்தத் தொகைக்குள் அளவில் பெரிய திரையைத் தேர்ந்தெடுப்பதா, அல்லது அளவு சற்றுக் குறைந்தாலும் 4கே என்னும் சூக்ஷ்மமான படத்தைக் காட்டும் திரையைத் தேர்ந்தெடுப்பதா என்ற கேள்வி அவர்களைக் குழப்புவது இயல்பே. இந்தச் சந்தேகத்துக்குரிய விடையைக் கடைக்குப் போகுமுன் நம் வீட்டுக் கூடத்திலேயே கண்டுகொள்ளலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் இரண்டு அளவுகளையும் தெளிவாக அறிந்துகொள்வோம். இன்ச் என்று சொல்லப்படுவது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள நீளம். ஆகையால் 43 இன்ச் திரைக்குப் பதிலாக 55 இன்ச் திரையை எடுத்தால், அந்த நீளம் கால் பங்குக்குச் சற்று மேலே மட்டும் கூடினாலும், திரையின் விஸ்தீரணம் ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகிவிடுகிறது. மற்றோர் அளவாகிய ரெசல்யூஷன் என்பது, அந்தப் பரப்புக்குள் எத்தனை ஒளிப்புள்ளிகள் அடங்கியிருக்கின்றன என்ற கணக்கு. ஃபுல் எச்.டி. திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளுமாக ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 4கே திரையில் 3840-ம் 2160-மாக ஏறக்குறைய 83 லட்சம்.

வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொண்டால் இந்த விஷயம் எளிதில் விளங்கும். திரையின் அளவு வாசலின் அளவைப் போன்றது. ரெசல்யூஷன் அதில் வைக்கப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் போன்றது. அதே எண்ணிக்கையுள்ள புள்ளிகளை இரு மடங்கு பெரிய வாசலில் பரப்பினால் புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம் விரிகிறது. ஆனால் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விரிவு தெரியுமா என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. ஆகவே வாசல், புள்ளி என்ற இரண்டோடு, பார்ப்பவர் நிற்கும் தூரமும் மூன்றாவதாகச் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

அந்தத் தூரத்திற்கு ஒரு பிரமாணம் உண்டு. கண் மருத்துவரின் அறையில் நாம் படித்துக் காட்டும் எழுத்துப் பலகையை 1862-ல் வகுத்தவர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு வைத்தியர். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் கண்ணை அவர் சீரான பார்வைக்கு அளவாகக் கொண்டார். இளமையும் கூர்மையும் உள்ள கண்கள் இதைவிட நுணுக்கமாகவும் காணும் என்றாலும், பொதுக்கணக்குக்கு இது போதும். இதன்படி, ஒரு புள்ளியின் அகலத்தைப் போல் சுமார் 3,400 மடங்கு தூரத்துக்கு அப்பால் போனால் புள்ளிகள் தனித்தனியே தெரியாமல் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். 43 இன்ச் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகளை நிரப்பினால் ஒரு புள்ளிக்கு அரை மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. அதன் எல்லைத் தூரம் 1.7 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரை அடி. ஆகவே எட்டடி தள்ளி உட்காரும் குடும்பத்திற்கு, அந்த அளவுள்ள திரையில் 4கே தரும் கூடுதல் புள்ளிகளால் கண்ணுக்கு எட்டும் லாபம் அநேகமாக இல்லை. 55 இன்ச் ஃபுல் எச்.டி. திரைக்கு இந்த எல்லை ஏழடி. 65 இன்ச் திரைக்கு எட்டரை அடி. திரை வளர வளர, அல்லது நாம் நெருங்க நெருங்க, 4கே தன் பயனைக் காட்டத் தொடங்குகிறது. ஆறடி தூரமே உள்ள சிறிய அறையில் 55 இன்ச் பெட்டியை வைக்க விரும்புகிறவர் அவசியம் 4கே எடுக்க வேண்டும். உயர்தெளிவுத் தொலைக்காட்சியை உருவாக்கிய ஜப்பானின் என்.எச்.கே. ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்கள், படத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் அமர்ந்து காண்பதையே அளவாகக் கொண்டார்கள். எட்டடிக் கூடத்தில் அந்த அளவு ஏறக்குறைய 65 இன்ச் திரையைக் குறிக்கிறது. பெரிய திரையை ஆடம்பரம் என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் திரையில் என்ன ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்து முறையில் படம் 625 வரிகளால் ஆனது. அவற்றில் கண்ணுக்குத் தெரிபவை 576 மட்டுமே. எச்.டி. அல்லாத கேபிள் சேனல்கள் இன்றும் அந்த 576 வரிகளைத்தான் கொண்டுவருகின்றன. அவற்றை 55 இன்ச் திரையில் விரித்தால், வரிகளின் குறை தெரியாமல் இருக்கப் பதின்மூன்று அடிக்கும் மேல் விலகி உட்கார வேண்டும். 32 இன்ச் திரையிலோ எட்டடி போதும். பழைய பெட்டியில் பளிச்சென்று இருந்த சேனல் புதுப் பெட்டியில் மங்கித் தெரிகிறதே என்று பல வீடுகளில் எழும் வருத்தத்திற்கு இதுவே முக்கிய காரணம். பெட்டியின் மேல் குற்றமில்லை. பெட்டி தானாக இட்டு நிரப்பும் புள்ளிகள் விளிம்புகளைச் சற்று மென்மையாக்குமேயன்றி, மூலப் படத்தில் இல்லாத நுணுக்கத்தை உண்டாக்கித் தர மாட்டா. உண்மையான 4கே படம் பெரும்பாலும் இணையத்தின் வழியே வருகிறது. அதற்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகமே நொடிக்கு 15 மெகாபிட்.

கடையில் நாம் திரைக்கு இரண்டடி தூரத்தில் நின்று, அந்தத் திரைக்கென்றே எடுக்கப்பட்ட பூக்களையும் அருவிகளையும் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் 4கே-யின் மேன்மை பிரத்தியட்சமாகத் தெரிவது உண்மையே. வீட்டிலோ எட்டடி தள்ளி அமர்ந்து செய்தியும் நாடகமும் பார்க்கப் போகிறோம். ஆகையால் வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதலில் டேப்பை எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பெட்டி இருக்கப்போகும் சுவர் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, வீட்டில் அதிகமாகப் பார்ப்பது சாதாரணச் சேனலா, எச்.டி.யா, இணையப் படமா என்று கலந்து பேசுங்கள். அதன்பின் கடையில் அந்தத் தூரத்தை எண்ணி நின்று, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சேனலையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏழெட்டு அடி தள்ளி அமர்ந்து எச்.டி. படம் பார்ப்பவர், இரண்டில் ஒன்றுக்கே பணம் இருக்குமானால், தயக்கமின்றிப் பெரிய திரைக்கே அதைக் கொடுக்கலாம்.